நாத்தனாரின் அளவு ரவிக்கை: மார்பக இம்பிளாண்ட் அளவு எப்படி முடிவாகிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அம்மா ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த காலத்தில், தீபாவளிக்கு முந்தைய மாதம் எங்கள் கடை முன்னுள்ள அஞ்சடி நடைபாதை வரை துணிப்பைகள் நிறைந்து கிடக்கும். ஒவ்வொரு பைக்குள்ளும் புதுத் துணியோடு ஓர் அளவு ரவிக்கை இருக்கும். ஒருமுறை தோட்டத்திலிருந்து வந்த பெண் ஒருவர் தன் நாத்தனாரின் ரவிக்கையைக் கொண்டுவந்து நீட்டினார். நாத்தனாருக்கு அது அவ்வளவு எடுப்பாக இருக்கிறதாம், தனக்கும் அதே அளவில் வேண்டுமாம். அம்மா அதை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கழுத்தில் தொங்கிய நாடாவை எடுத்தார். "நாத்தனார் தோள் உனக்கு வருமா, அம்மா? நிமிர்ந்து நில்" என்றார். தோள்பட்டை, கைக்குழி, மார்புச் சுற்றளவு, தோளிலிருந்து மடிப்புப் பிடிக்கும் டாட் பாயிண்ட் வரை என்று பத்து இடங்களில் அளந்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொட்டார்.

பிற்பாடு கோலாலம்பூரில் அறுவை சிகிச்சைப் பிரிவில் தாதியாகப் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊருக்கே திரும்பியிருக்கிறேன். நான் பார்த்த வேலை தெரிந்த இளம்பெண்கள் சிலர் தயங்கித் தயங்கி வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, 350 வைத்துக்கொண்டால் நன்றாக இருக்குமா?" கைபேசியில் யாரோ ஒரு பெண்ணின் முன்–பின் படங்களைப் பார்த்து, அதன் கீழே போட்டிருக்கும் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். எனக்கு உடனே அந்த நாத்தனாரின் ரவிக்கைதான் நினைவுக்கு வரும். அந்த 350 இன்னொருத்தியின் மார்புக்கூட்டுக்கும் தோலுக்கும் வந்த விடை. கேட்பவளின் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

350 என்பது மார்பைப் பெரிதாக்க வைக்கும் இம்பிளாண்டின் கன அளவு. சிலிக்கான் ஜெல்லோ உப்புநீரோ நிரம்பிய ஓர் உறைக்குள் எத்தனை மில்லிலிட்டர் இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. உறை எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், யாருடைய உடலில் எப்படி உட்காரும் என்பது எதையும் அது சொல்வதில்லை.

சிலர் மில்லிலிட்டரை விட்டுவிட்டு பிரா அளவில் பேசுவார்கள். "பி-யிலிருந்து டி ஆக வேண்டும்" என்பார்கள். அது இன்னும் வழுக்கலான தரை. கப் எழுத்து என்பது மார்பின் சுற்றளவுக்கும் அதற்குக் கீழே உள்ள சுற்றளவுக்கும் இடைப்பட்ட வித்தியாசம். ஏறக்குறைய ஓர் அங்குல வித்தியாசம் ஏ, இரண்டு அங்குலம் பி, மூன்று அங்குலம் சி என்று போகும். ஆகவே 32 டி, 34 சி, 36 பி ஆகிய மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கொள்ளளவு உள்ள கப்புகள்தான், பட்டையின் நீளம் மட்டும் மாறுகிறது. நம் ஊர்க் கடைகளில் 34/75, 36/80 என்று அங்குலமும் சென்டிமீட்டரும் சேர்த்து அச்சிட்ட பிராக்களை இரண்டு நிறுவனங்களிலிருந்து வாங்கிப் போட்டுப் பாருங்கள், ஒன்று கடிக்கும், ஒன்று தொளதொளக்கும். எந்த மருத்துவராலும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்த எழுத்துதான் வரும் என்று உறுதி கொடுக்க முடியாது. கொடுத்தால் அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது? மார்பின் அடியகலத்திலிருந்து. மார்பு நெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இடத்தின் அகலம் அது. நெஞ்செலும்புப் பக்கம் மார்பு தொடங்கும் ஓரத்திலிருந்து அக்குள் பக்கம் அது முடியும் ஓரம் வரை நேர்கோட்டில் அளக்கிறார்கள். இதைத் தையல் நாடாவால் அளந்தால் தவறிவிடும். நாடா வளைவின் மேல் ஏறி இறங்குவதால் எண் கூடிவிடும். மருத்துவர் கையில் இருப்பது காலிப்பர், இரண்டு கால் உள்ள கவைபோன்ற கருவி. ஒரு காலை உள் ஓரத்திலும் மறு காலை வெளி ஓரத்திலும் வைத்து, நடுவில் உள்ள மேட்டைத் தொடாமல் தாண்டி அகலத்தைப் படிப்பார். நான் உதவிக்கு நின்ற அறையில், நோயாளியை உட்காரவைத்து, கைகள் இரண்டையும் தொடைமேல் தளர வைக்கச் சொல்லிவிட்டுத்தான் இந்த அளவை எடுப்பார்கள். கூச்சத்தில் தோளைக் குறுக்கினால் ஓரங்கள் நகர்ந்துவிடும் என்பதால், முதலில் இரண்டு நிமிடம் ஊரைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேச்சுக் கொடுப்பது எங்கள் வேலை.

இந்த அகலத்துக்கு ஏன் இத்தனை மரியாதை என்பதைப் பள்ளிக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். வட்ட வடிவ இம்பிளாண்டைத் தட்டையான அடியுள்ள ஒரு குவிமாடம் என்று வைத்துக்கொள்வோம். அதன் கன அளவு ஏறத்தாழ அகலம் பெருக்கல் அகலம் பெருக்கல் உயரம், அதில் பாதிக்குச் சற்று மேல், அதாவது 0.52 மடங்கு. அகலம் 12 செ.மீ., உயரம் 4 செ.மீ. என்றால் விடை 300 மி.லி. அளவில் வரும். உயரத்தை மாற்றாமல் அகலத்தை மட்டும் 11 ஆக்கினால் 250, 13 ஆக்கினால் 350. ஒரே ஒரு சென்டிமீட்டர் ஐம்பது மில்லியைக் கூட்டிவிடுகிறது அல்லது குறைத்துவிடுகிறது.

இதையே திருப்பிப் போட்டால் இன்னும் விளங்கும். ஒரே 300 மி.லி.-ஐ 10.5 செ.மீ. அகலத்துக்குள் அடக்கினால் அது 5 செ.மீ.-க்கு மேல் முன்னால் எழும்பி நிற்க வேண்டும். 14 செ.மீ. அகலத்தில் பரப்பினால் 3 செ.மீ.-கூட வராது. ஒல்லியான பெண்ணிடம் துருத்திக்கொண்டு நிற்பதும், அகன்ற மார்புக்கூடு உள்ள பெண்ணிடம் வைத்ததே தெரியாமல் போவதும் ஒரே எண்தான். நிறுவனங்கள் ஒரே அகலத்தில் தட்டையானது, நடுத்தரம், உயர்ந்தது என்று பல உயரங்களில் செய்து விற்பதும் இதனால்தான். அகலத்தை உடல் முடிவு செய்துவிடுகிறது. உயரத்தில்தான் பெண்ணின் விருப்பத்துக்கு ஓரளவு இடம் இருக்கிறது.

காலிப்பரில் வந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. உள் ஓரத்திலும் வெளி ஓரத்திலும் தோலையும் அதன் கீழ்க் கொழுப்பையும் கிள்ளிப் பிடித்து அதன் தடிமனை அளக்கிறார்கள். கிள்ளும்போது இரண்டு மடிப்பு வருகிறது அல்லவா, அதனால் பாதியைத்தான் கணக்கில் கொள்வார்கள். அடியகலம் 13 செ.மீ., உள் ஓரத்தில் கிள்ளியது 1, வெளி ஓரத்தில் 2 என்றால், இரண்டின் கூட்டலில் பாதி ஒன்றரை. அதைக் கழித்தால் 11.5 செ.மீ. அந்த உடல் ஏற்கும் உறையின் அகலம் அதுவே.

டெக்சாஸ் மாநிலம் டல்லஸைச் சேர்ந்த ஜான் டெபெட்ஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 2002-இல் இந்த அளவுகளை ஒரு முறையாகத் தொகுத்து வெளியிட்டார். 2005-இல் வில்லியம் ஆடம்ஸுடன் சேர்ந்து அதை ஐந்து முக்கிய முடிவுகளாகச் சுருக்கினார். முதல் சிலிக்கான் இம்பிளாண்ட் ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது 1962-இல், அதே டெக்சாஸின் ஹூஸ்டனில். நடுவே நாற்பது ஆண்டுகள். அந்த நாற்பது ஆண்டுகளில் அளவு என்பது பெரும்பாலும் மருத்துவரின் கண்ணையும் கேட்பவரின் ஆசையையும் நம்பியே இருந்தது. உடலின் திசு எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்று டெபெட்ஸ் பிடிவாதமாகச் சொன்னார். இந்தத் துறையில் எனக்கு அவர் மேல் பெரிய மதிப்பு உண்டு.

அவர் முறையில் தோலின் நெகிழ்ச்சிக்கும் ஒரு எண் உண்டு. காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் தோலைப் பிடித்து முன்னால் இழுத்தால் எத்தனை சென்டிமீட்டர் வருகிறது என்று பார்க்கிறார்கள். இரண்டுக்குக் குறைவு என்றால் தோல் இறுக்கம், கன அளவைச் சுமார் 30 மி.லி. குறைக்க வேண்டும். மூன்றுக்கு மேல் வந்தால் தளர்ச்சி, அதே அளவு கூட்டலாம். பிள்ளை பெற்றுப் பாலூட்டி முடித்த பெண்ணுக்கும் பிள்ளை பெறாத பெண்ணுக்கும் அடியகலம் ஒன்றாகவே இருந்தாலும், இந்த இழுப்பில் இருவரும் பிரிந்துவிடுவார்கள். காலியான பையை நிரப்புவதும், நிறைந்த பைக்குள் திணிப்பதும் ஒன்றாகுமா?

அடுத்தது காம்பிலிருந்து மார்பின் கீழ் மடிப்பு வரையுள்ள தூரம். தோலை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு அளப்பார்கள். 300 மி.லி.-ஐ ஒட்டிய உறைக்குச் சுமார் 8 செ.மீ. தேவைப்படும். இருப்பது ஆறரைதான் என்றால் மடிப்பையே கொஞ்சம் கீழே இறக்கி அமைக்க வேண்டும். அளவு தவறி இறக்கினால், பழைய மடிப்பு ஒரு கோடாகவும் புது உறை அதற்குக் கீழே இன்னொரு மேடாகவும் தெரியும். காம்பு மடிப்பைவிடக் கீழே இறங்கிவிட்ட மார்பில் இம்பிளாண்ட் மட்டும் வைத்து எந்தப் பயனும் இல்லை, தோலை ஏற்றித் தைக்கும் சிகிச்சையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். பெரிய உறை போட்டால் தானாகத் தூக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடை கூடக்கூட இறங்கத்தான் செய்யும்.

மார்பின் மேல்பகுதியில் கிள்ளும் தடிமன், உறையை எந்த இடத்தில் வைப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால், உறையின் ஓரம் வெளியே தெரியாமலிருக்க நெஞ்சுத் தசையின் அடியில், முழுவதுமாகவோ மேல்பாதி மட்டுமோ, வைப்பார்கள். ரப்பர்க் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். மரத்துக்கு எத்தனை வயது என்று பார்த்து யாரும் கத்தி வைப்பதில்லை. சுற்றளவு 50 செ.மீ. ஆயிற்றா என்று கட்டி அளந்துதான் பால் வெட்டத் தொடங்குவார்கள். பட்டை மெலிந்த இடத்தில் கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, அந்த முகம் முண்டும் முடிச்சுமாக வளரும் என்பது பால்வெட்டுக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

மெல்லிய திசுவின் கீழ்ப் பெரிய உறையை வைத்தாலும் அப்படித்தான். ஆண்டுகள் போகப்போகத் தோல் நீண்டு மெலியும், உறையின் சுருக்கங்கள் அலை அலையாக வெளியே தெரியும். அகலம் மிஞ்சினால் உறை அக்குள் பக்கம் ஒதுங்கும், அல்லது நடுவில் இரண்டும் நெருங்கி இடைவெளியே இல்லாமல் போகும். நீண்ட தோல் பிறகு சுருங்கிக் கொடுக்காது. உறையை எடுத்துவிட்டாலும் மெலிந்த திசு பழையபடி திரும்பி வராது. எனக்கு உள்ளபடியே கவலை தருவது இதுதான். இருபத்திரண்டு வயதில் ஓர் எண்ணைக் கேட்டு வாங்கும் பெண், நாற்பது வயதில் அதைச் சுமக்கப்போகும் தன் தோலைப் பற்றி அப்போது யோசித்திருக்க மாட்டாள். 350 மி.லி. சிலிக்கான் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 340 கிராம். இரண்டும் சேர்ந்தால் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, இரவும் பகலும்.

வீட்டிலேயே அரிசியை வைத்துப் பார்க்கும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது. எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. அளவுக் குவளையில் 300 மி.லி. வரை அரிசியை நிரப்பி, காலுறைக்குள் கொட்டி முடிந்து, பிராவுக்குள் வைத்துக்கொண்டு சட்டை போட்டுக் கண்ணாடி பார்ப்பது. நான் அதைத் தடுக்க மாட்டேன். இரண்டு நாள் அதோடு பாத்திரம் கழுவி, படி ஏறி, மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தவர்கள், கேட்ட எண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அரிசி தோலுக்கு வெளியே உட்காருகிறது. உறை உள்ளே போய், அதிலும் தசையின் கீழே போய் அமுங்கும்போது சற்றுச் சிறியதாகவே தெரியும். மருத்துவமனைகளில் இதற்கென்றே செய்த மாதிரி உறைகள் உண்டு, அவை அடியகலத்துக்கு ஏற்றபடி இருக்கும். எப்படிப் பார்த்தாலும் இது விருப்பத்தைச் சொல்லும் வழிதான். காலிப்பரின் இடத்தை அரிசியால் பிடிக்க முடியாது.

இரண்டு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக உள்ள பெண் யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கம் அரை சென்டிமீட்டர் அகலமாகவோ, ஒரு காம்பு கொஞ்சம் மேலேயோ இருக்கும். கழுத்துக்குழியிலிருந்து இரண்டு காம்புகளுக்கும் அளந்து பார்த்தால் தெரியும். முதுகெலும்பு சற்று வளைந்திருந்தால் விலா எலும்புகளே ஒரு பக்கம் முன்னால் வந்திருக்கும். இதை முன்கூட்டியே கண்ணாடி முன் நிறுத்திக் காட்டிவிடும் மருத்துவர் நல்லவர். சிகிச்சைக்குப் பிறகு பெண்கள் தங்கள் மார்பை முதன்முறையாக உற்றுப் பார்ப்பார்கள், பிறவியிலேயே இருந்த வித்தியாசம் அன்றுதான் கண்ணில் படும்.

அழகுக்காகச் செய்துகொள்வதைப் பற்றியே இவ்வளவு நேரமும் பேசினேன். ஆனால் இந்த அளவுகளின் அருமையை நான் உணர்ந்தது வேறோர் இடத்தில். மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மூன்றாம், நான்காம் நிலையில்தான் நோய் கண்டறியப்பட்டது. என் பெரியம்மா மகள் சற்று முன்னதாக வந்தார், அதனால் பிழைத்தார். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு சிறு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். வலது மார்பை முழுவதும் எடுத்த பிறகு, இடது பக்கத்துக்கு இணையாக வலது பக்கத்தைத் திரும்ப அமைக்க விரும்பினார். பேரன் மடியில் சாயும்போது ஒரு பக்கம் எலும்பு இடிக்கிறது என்றார். அதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை. வேறு காரணம் தேவையும் இல்லை.

அங்கேயும் முதல் எண் அடியகலம்தான். எடுத்துவிட்ட மார்பை எப்படி அளப்பது? மிச்சமிருக்கும் பக்கத்தை அளந்து, அதன் கண்ணாடி பிம்பத்தை மறுபக்க நெஞ்சில் மையால் வரைவார்கள். மார்பை எடுக்கும்போதே மறுசீரமைப்பையும் தொடங்குவதாக இருந்தால், எடுத்த திசுவை அறுவை அறையிலேயே தராசில் வைப்பதும் வழக்கம். அந்தக் கிராம் கணக்கு, எவ்வளவை ஈடுகட்ட வேண்டும் என்பதற்கு ஒரு குறிப்பு. அக்காவுக்கு இறுகிப்போன தோலை முதலில் விரிக்க வேண்டியிருந்ததால், விரிவாக்கி எனப்படும் காலி உறையைத் தசையின் கீழ் வைத்தார்கள். இடது மார்பின் அகலம் 13 என்றால் விரிவாக்கியின் அகலமும் அதையொட்டித்தான். பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை போய், தோலுக்கு அடியில் உள்ள அதன் வாய்க்குள் ஊசி மூலம் உப்புநீர் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த வாய் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சிறு காந்தத்தை நெஞ்சின் மேல் நகர்த்துவார்கள். காந்தம் ஓர் இடத்தில் நேராக நின்றதும் அக்கா ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுவார். ஏற்றிய அன்றும் மறுநாளும் நெஞ்சு கல்லாக இருக்கும், மூன்றாம் நாள் தளரும். போதிய இடம் கிடைத்த பிறகு இன்னோர் அறுவை சிகிச்சையில் அதை எடுத்துவிட்டு நிரந்தர இம்பிளாண்ட் வைத்தார்கள்.

அவர் மருத்துவரிடம் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. "இதை வைத்துக்கொண்டு பால்மரம் வெட்டலாமா?" மருத்துவர் அவர் வலது தோளைப் பிடித்துப் பார்த்தார், கத்தியை இழுப்பதுபோல் கையை அசைக்கச் சொன்னார். தசையின் கீழே உறை இருக்கும்போது, அந்தத் தசை இறுகுந்தோறும் உறை மேலும் பக்கவாட்டிலும் நகரும். உடலுழைப்பு உள்ள பெண்ணுக்கு அது அன்றாடம் தெரியும். அதை அளவுகளோடு சேர்த்து எழுதிக்கொண்டு, உயரம் குறைந்த உறை ஒன்றைப் பரிந்துரைத்தார். உடலின் அளவு என்றால் அந்த உடல் செய்யும் வேலையும் அதில் அடங்கும் என்பதை அந்த அறையில்தான் கற்றுக்கொண்டேன். கதிர்வீச்சு சிகிச்சை பெற்றிருந்தால் இதெல்லாம் இன்னும் கடினம். உறையைச் சுற்றி உடல் உருவாக்கும் தழும்புச் சவ்வு இறுகிப்போகும் வாய்ப்புக் கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தத் திசுவை எடுத்து அமைப்பதைப் பற்றி மருத்துவர் பேசக்கூடும். அது தனிக் கதை.

அளவு சரியாக இருந்தாலும் இது வாழ்நாள் முழுவதும் நிற்கும் பொருள் அல்ல. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1992-இல் சிலிக்கான் ஜெல் உறைகளைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து நிறுத்திவைத்து, 2006-இல் மீண்டும் அனுமதித்தது. 2019-இல் சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒரு வகை, அரிதான நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புபட்டதால் திரும்பப் பெறப்பட்டது. 2021-இல், உறையோடு தரும் விவரக் குறிப்பில் கட்டம்கட்டிய எச்சரிக்கை அச்சிட வேண்டும், நோயாளி ஒவ்வொரு ஆபத்தையும் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி வந்தது. சிலிக்கான் உறை வைத்தவர்கள் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் செய்து கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆலோசனை. இந்தச் செலவையும் முதல் நாளே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் இம்பிளாண்ட், 2012-ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். மருத்துவர் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் எவரும் பார்க்கலாம். அழகு நிலையத்தின் பின்னறையில் ஊசி மூலம் மார்பைப் பெரிதாக்குவதாக யார் சொன்னாலும் அந்தப் படியை மிதிக்காதீர்கள். அங்கே காலிப்பரும் இல்லை, கணக்கும் இல்லை. திரவ சிலிக்கான் உள்ளே போனால் திசுவோடு கலந்துவிடும், முழுதாக வெளியே எடுக்க வழி இல்லை.

சிகிச்சை முடிந்ததும் ஒரு சிறு அட்டை கொடுப்பார்கள். நிறுவனத்தின் பெயர், உறையின் வகை, கன அளவு, தொடர் எண் எல்லாம் அதில் இருக்கும். அகலமும் உயரமும் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனம் தொழிற்சாலைகளில் பயன்படும் மலிவான சிலிக்கானை நிரப்பி விற்றது 2010-இல் வெளியே வந்தபோது, பல நாட்டுப் பெண்களுக்கும் எழுந்த முதல் கேள்வி, என்னுள் இருப்பது எந்த நிறுவனத்தின் உறை என்பதுதான். அக்கா தன் அட்டையை மைகார்டு அடையாள அட்டைக்குப் பின்னால், பேரன் படத்தோடு வைத்திருக்கிறார். போன தீபாவளிக்கு என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தார். அம்மாவின் நாடாவை எடுத்து அவருக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்தேன். வலது பக்க டாட்டை அரை அங்குலம் மேலே வைத்துத் தைத்தேன்.